கொலம்பியா போகலாமா? மெதெயினில் நான்கு நாள் தங்குவது பாதுகாப்பா?

வைகைக்கரை | நவம்பர் 9

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரியில் நானும் கணவரும் நியூஜெர்சியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போகிறோம். அப்படியே 12 நாள் கொலம்பியாவையும் பார்த்துவிட்டு வரலாமா என்று ஒரு யோசனை. கையில் அமெரிக்க விசா இருப்பதால் தனி விசா வேண்டாம் என்கிறார்கள். பொகோட்டா, மெதெயின், கார்ட்டஹேனா என்று மனதில் வைத்திருக்கிறோம்.

நாட்டின் பெயரைக் கேட்டதுமே மாமியார், "போதைக் கடத்தல்காரன் ஊருக்கா?" என்று கேட்டவர்தான், இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. கணவர் நேர் எதிர். ஒரு தொலைக்காட்சித் தொடரை முழுக்கப் பார்த்துவிட்டு, மெதெயினின் போதைக் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபார் இருந்த வீடு, செத்த கூரை, புதைத்த இடம் எல்லாம் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். நான் நடுவில் நிற்கிறேன். எதற்கு உண்மையிலேயே பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அங்கே இருந்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

சேலம்_செந்தில் | நவம்பர் 9

சகோதரி, மாமியார் சொல்வதைக் கேளுங்கள். 2025 ஜூனில் பொகோட்டாவில், பட்டப்பகலில், கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த செனட்டர் மிகேல் உரிபே துர்பாயைச் சுட்டார்கள். அதிபர் தேர்தலில் நிற்க இருந்தவர். ஆகஸ்டில் இறந்துவிட்டார். சுட்டவனுக்கு வயது 15. கொலம்பியாவில் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 25 கொலை நடக்கிறது. நம் நாட்டில் 3 கூட இல்லை. சம்பாதித்த காசைச் செலவழித்து அங்கேதான் போக வேண்டுமா?

ஓசூர்க்காரன் | நவம்பர் 10

நான் மெதெயினை ஒட்டிய இத்தாகுயீயில் இரண்டரை வருடம் இருந்தேன். இரு சக்கர வாகனத் துறையில் வேலை. அந்த ஊர்ச் சாலையில் இறங்கினால் நமக்குக் கண் கலங்கும். பல்சரும் அப்பாச்சியும் அவ்வளவு ஓடுகின்றன. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செந்தில் அண்ணன் சொன்ன 25 சரியான கணக்கு. ஆனால் அது நாடு முழுக்க ஒரே மாதிரி பரவிக் கிடக்கவில்லை. 2023-இல் கொலம்பியாவில் கொக்கைன் எடுக்கும் கோக்காச் செடியைப் பயிரிட்ட நிலம் 2,53,000 ஹெக்டேர் என்று ஐ.நா. அளந்து சொன்னது. அந்தத் தோட்டங்கள், அங்கிருந்து பசிபிக் கடற்கரைக்கும் வெனிசுவேலா எல்லைக்கும் சரக்கு போகும் ஆற்றுவழிகள், காட்டுவழிகள், இவற்றை யார் கையில் வைத்திருப்பது என்பதுதான் சண்டை. 2025 ஜனவரியில் வெனிசுவேலா எல்லையோரக் கட்டாதும்போ பகுதியில் இரண்டு ஆயுதக் குழுக்கள் மோதிக்கொண்டதில் 50,000-க்கும் மேற்பட்ட மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். காவ்கா, அராவ்கா, எல்லையை ஒட்டிய ஊர்கள் எல்லாம் இந்தக் கணக்குதான். அங்கே சாகிறவர்கள் விவசாயிகள், பழங்குடித் தலைவர்கள், ஊர்ப் பிரதிநிதிகள். சுற்றுலாப் பயணி அந்தப் பக்கம் போக மாட்டார், போகவும் கூடாது.

மெதெயின் வேறு கதை. 1991-இல் லட்சம் பேருக்கு 380 கொலை என்ற கணக்கில் இருந்த ஊர் அது. கடந்த சில வருடங்களாக 15-க்கும் கீழே. ஊர் சொர்க்கமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பேட்டைக்குப் பேட்டை இன்னும் கும்பல்கள் உண்டு, கடைக்காரர்களிடம் மாமூல் வாங்குகிறார்கள். ஆனால் அவர்கள் உங்களைத் தேடி வரப்போவதில்லை.

உங்களுக்கு வரக்கூடிய ஆபத்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. போன், பை, டாக்ஸி, ஏடிஎம், கையில் இருக்கும் கிளாஸ். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சிக்னல் அருகே நின்று போனில் வழி பார்த்துக்கொண்டிருந்தேன். ஃப்ளாஸ்க்கில் கருப்புக் காபி விற்கும் ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து, போனோடு சேர்த்து என் கால்சட்டைப் பைக்குள் திணித்துவிட்டார். "நோ தே பப்பாயா, மிஹோ" என்றார். பப்பாளியைக் கொடுக்காதே மகனே என்று அர்த்தம். பறிக்க வசதியாக நீயே நீட்டாதே என்பதை அந்த நாட்டில் இப்படித்தான் சொல்வார்கள். அதற்கு அடுத்த வரியும் உண்டு: வைத்த பப்பாளி, வெட்டிய பப்பாளி. அதே வாரத்தில் எங்கள் அலுவலகப் பையன் ஒருவன், எதிர்ச்சாரியில் வந்த பைக்கின் பின்சீட்டுக்காரனிடம் போனை இழந்தான். இரண்டு நொடி கூட ஆகவில்லை.

அந்தப் பின்சீட்டுக்கு ஒரு வரலாறே இருக்கிறது. எஸ்கோபார் காலத்தில் கூலிக் கொலைகாரர்கள் பைக்கில்தான் வருவார்கள், ஒருவன் ஓட்ட, பின்னால் இருப்பவன் சுட. அதனாலேயே ஹெல்மெட்டின் பின்புறம் வண்டி எண்ணை ஒட்ட வேண்டும் என்று நெடுங்காலம் சட்டம் இருந்தது. பின்சீட்டில் ஆண்கள் ஏறவே கூடாது என்று அவ்வப்போது தடை போடுவார்கள்.

போகலாமா என்று கேட்டால், போகலாம். யாரிடம் எதை வாங்குகிறீர்கள், இரவில் யாரை நம்புகிறீர்கள் என்பதில் கவனமாக இருந்தால் போதும்.

ரொறன்ரோ_வாசி | நவம்பர் 10

அக்கா, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சித்தியின் மகன், 29 வயது. 2023 கடைசியில் மூன்று சிநேகிதர்களோடு மெதெயினுக்குப் போனவன். ஒரு செயலியில் அறிமுகமான பெண்ணோடு ஒரு கிழமை கதைத்திருக்கிறான். எல் பொப்லாதோ பக்கம் ஒரு மதுக்கடையில் சந்தித்து, பிறகு இவன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். இரண்டாவது கிளாஸ் வரைதான் அவனுக்கு நினைவு இருக்கிறது. கண் முழித்தது அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்கு. கைத்தொலைபேசி, மடிக்கணினி, இரண்டு வங்கி அட்டை, எதுவும் இல்லை.

எங்களை உலுக்கியது அது இல்லை. கீழே இருந்த காவலாளி சொன்னது. இவனே தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, சிரித்த முகத்தோடு அந்தப் பெண்ணின் காரில் ஏற்றிவிட்டானாம். காவலாளிக்குக் கையும் காட்டினானாம். வங்கிக்காரரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்: இரகசிய எண்ணை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், காசு திரும்பாது. காசு போகட்டும். பையன் ஆறு மாதம் தனியாகப் படுக்கப் பயந்தான். அந்த நவம்பர், டிசம்பரில் மட்டும் மெதெயினில் எட்டு அமெரிக்கர்கள் சந்தேகமான முறையில் இறந்ததாக அவர்களுடைய தூதரகம் 2024 ஜனவரியில் எச்சரிக்கை விட்டது. பலருக்கு மருந்து கலந்து கொடுத்திருக்கலாம், செயலிகள் வழியாகச் சந்தித்த ஆட்கள் சம்பந்தப்பட்டிருக்கலாம் என்று அதிலேயே இருந்தது. வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. எங்கள் பையன் ஒன்பதாவது ஆளாக இருந்திருக்கலாம்.

கோவை_மருந்தாளர் | நவம்பர் 10

ரொறன்ரோ நண்பரே, படிக்கவே சங்கடமாக இருக்கிறது. உங்கள் தம்பி எந்தத் தப்பும் செய்யவில்லை என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அந்த மருந்தின் வேலையே அதுதான்.

அங்கே அதற்குப் புருந்தாங்கா என்று பெயர். ஸ்கோபலமைன். பொர்ராச்செரோ என்ற மரத்திலிருந்து வருவது. ஊட்டி, கொடைக்கானலில் வேலியோரம் வெள்ளையாகவும் ஆரஞ்சாகவும் எக்காளம் போலப் பூ தொங்குமே, அதே மரம். ஆண்டிஸ் மலையிலிருந்து வந்தது. நம் ஊமத்தைக்கு நெருங்கிய உறவு. ஊமத்தையிலும் இதே வேதிப்பொருள் உண்டு. ரயிலில் பிஸ்கட் கொடுத்து நகையைக் கழற்றிப் போன கதைகளை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்களே. நம் நாட்டில் பழைய காலத்து வழிப்பறிக் கும்பல்கள் ஊமத்தை விதையைத்தான் சோற்றில் கலந்தார்கள்.

மிகக் குறைந்த அளவில் இது மருந்து. பயண வாந்திக்குக் காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையில் இருப்பது இதுதான். அளவு ஏறினால் நினைவு பதிவாகாது. ஆள் நடப்பார், பேசுவார், சொன்னதைச் செய்வார். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. நிறமில்லை, மணமில்லை. தூக்க மாத்திரை வகைகளையும் சேர்த்துக் கலக்குகிறார்கள், அதில் மதுவும் சேர்ந்தால் மூச்சு நிற்கும். மரணம் வருவது பெரும்பாலும் அங்கேதான்.

முகத்தில் ஊதுவார்கள், விசிட்டிங் கார்டில் தடவித் தருவார்கள் என்று வாட்ஸப்பில் வருவதை நான் நம்புவதில்லை. அந்த வழியில் உடம்புக்குள் போகும் அளவு போதாது. பானம், உணவு, சிகரெட், சூயிங்கம் இவற்றில்தான் கவனம் வேண்டும். யாராவது திடீரென்று வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, சம்பந்தமில்லாமல் பேசினால் "போதை ஏறிவிட்டது, தூங்கட்டும்" என்று படுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனை. சிறுநீர்ப் பரிசோதனையும் சீக்கிரம் எடுக்க வேண்டும், நேரம் ஆனால் தடயம் போய்விடும்.

பேக்பேக்_பிரபு | நவம்பர் 11

ஒரு சந்தேகம். அங்கே 1 கிராம் கொக்கைன் வரை வைத்திருந்தால் குற்றமில்லை என்று படித்தேன். உண்மையா? நான் மார்ச்சில் போகிறேன். ஊருக்குப் போனால் ஒரு தடவை முயற்சி செய்து பார்க்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

ஓசூர்க்காரன் | நவம்பர் 11

தம்பி பிரபு, படித்தது பாதி சரி. 1994-இல் அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றம், சொந்த உபயோகத்துக்கான சிறு அளவை வைத்திருப்பதற்குத் தண்டனை இல்லை என்று தீர்ப்பு சொன்னது. கொக்கைனுக்கு அந்த அளவு 1 கிராம். ஆனால் விற்பது குற்றம். ஆக, வாங்கப் போனால் ஒரு குற்றவாளியிடம்தான் நீ போய் நிற்க வேண்டும், அவன் சொல்லும் சந்துக்குள், அவன் சொல்லும் நேரத்தில். விற்றவனே அடுத்த முனையில் நிற்கும் ஆளுக்குத் தகவல் சொல்வான். அந்த ஆள் போலீஸ் உடுப்பில் இருப்பான். உண்மையான போலீசா, போலியா என்று உனக்குத் தெரியாது. ஏடிஎம்முக்கு அழைத்துப் போவான். யாரிடம் போய்ப் புகார் கொடுப்பாய்?

அது உன் கஷ்டம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அசெம்ப்ளி லைனில் ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர் இருந்தார். லாக்கர் கதவின் உள்பக்கம் ஒரு பையனின் படத்தை ஒட்டியிருப்பார், பள்ளிச் சீருடையில், மஞ்சளாகிப்போன படம். மகன் என்று நினைத்துக் கேட்டுவிட்டேன். அண்ணன் என்றார். 1991-இல் பெய்யோவில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது பைக்கில் வந்தவர்கள் சுட்டார்கள். வேறு யாரையோ தேடி வந்தவர்கள். அண்ணனுக்கு வயது 17, அப்போது இவருக்கு 14. தினமும் காலையில் லாக்கரைத் திறந்ததும் ஒரு விரலால் அந்தப் படத்தைத் தொட்டுவிட்டுத்தான் கையுறை மாட்டுவார். அந்த ஒரு கிராமை வாங்கும்போது உன் காசு யார் கைக்குப் போகிறது என்று யோசித்துப் பார் தம்பி. இதைக் கோபமாகச் சொல்லவில்லை, வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பேக்பேக்_பிரபு | நவம்பர் 11

புரிந்தது அண்ணா. கேட்டதே தப்பு. அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

ஒற்றைப்பை | நவம்பர் 12

தனியாகப் பயணம் செய்கிற பெண் நான். 2024-இல் மூன்று வாரம் கொலம்பியாவில் இருந்தேன். ஓசூர் நண்பர் எழுதியதில் ஏறக்குறைய எல்லாமே சரி. ஆனால் "பப்பாளி கொடுக்காதே" என்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அங்குள்ள பெண்களே இதைச் சொல்லிக் கேட்டேன். பறித்தவனை விட்டுவிட்டு, பறிகொடுத்தவளைப் பார்த்து "ஏன் நீட்டினாய்?" என்று கேட்கும் பேச்சாக அது மாறிவிடுகிறது. எச்சரிக்கைக்கு எடுத்துக்கொள்வோம், குற்றம் சொல்ல வேண்டாம்.

வைகைக்கரைக்குக் கையோடு சில விஷயங்கள். பொகோட்டாவில் தெருவில் கை காட்டி டாக்ஸி நிறுத்தாதீர்கள். "பாசேயோ மில்யோனாரியோ" என்று ஒரு கொள்ளை முறை இருக்கிறது. டாக்ஸியில் இன்னும் இருவர் ஏறிக்கொண்டு ஏடிஎம் ஏடிஎம்மாகச் சுற்றுவார்கள், நள்ளிரவு தாண்டும் வரை வைத்திருந்தால் அடுத்த நாள் வரம்பையும் சேர்த்து எடுக்கலாம் என்பதற்காக. செயலியில் கூப்பிடுங்கள். ஊபர் ஓட்டுநர் முன்சீட்டில் உட்காரச் சொன்னால் பயப்படாதீர்கள். சட்டப்படி அந்தச் சேவை இரண்டும் கெட்டான் நிலையில் இருப்பதால், நண்பர்போல் தெரியட்டும் என்று கேட்பார்கள். பணம் எடுப்பது பகலில், வணிக வளாகத்துக்குள். மொன்செர்ராத்தே மலைக்கு நடைபாதையில் ஏறாமல் கேபிள் கார் எடுங்கள். அவசர எண் 123. யாராவது கத்தி காட்டினால் கொடுத்துவிடுங்கள், ஒரு போனுக்காக எதிர்த்து நின்று உயிரை விட்டவர்கள் உண்டு.

இனி உங்கள் கணவருக்கு. எஸ்கோபார் சுற்றுலா வேண்டாம் என்று மனதார கேட்டுக்கொள்கிறேன். எஸ்கோபார் குடும்பத்தோடு இருந்த மோனகோ கட்டடம் இப்போது இல்லை. 2019 பிப்ரவரி 22-ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு நினைவுப் பூங்கா. 1983 முதல் 1994 வரை போதைக் கும்பல்களின் வன்முறையில் உயிரிழந்த 46,612 பேருக்காகக் கட்டியது. 1989 நவம்பர் 27-ஆம் தேதி அவியாங்கா நிறுவன விமானத்தில் எஸ்கோபார் ஆட்கள் குண்டு வைத்தார்களே, அதில் இருந்த 107 பேரும், கீழே தரையில் நின்ற 3 பேரும் செத்தார்கள். குறி வைத்த அரசியல்வாதி அந்த விமானத்தில் ஏறவே இல்லை. தொடரில் இது ஒரு காட்சியாக வந்து போய்விடும். அந்த ஊரில் அது இன்னும் யாரோ ஒருவர் வீட்டுத் திவசம்.

காசா தெ லா மெமோரியா அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அப்புறம் கொமூனா 13. 2011-இல் மலைச்சரிவில் மின்படிக்கட்டு போட்ட பேட்டை, சுவரெல்லாம் ஓவியம், கூட்டம் அலைமோதும். ஆனால் வழிகாட்டியிடம் 2002 அக்டோபர் பற்றிக் கேளுங்கள். ராணுவம் ஹெலிகாப்டரோடு அந்தப் பேட்டைக்குள் இறங்கியது. அதையொட்டிப் பலர் காணாமல் போனார்கள். எதிரே மலையில் தெரியும் லா எஸ்கொம்ப்ரேரா என்ற கட்டட இடிபாட்டு மேட்டில்தான் புதைத்திருக்கிறார்கள் என்று தாய்மார்கள் இருபது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், யாரும் நம்பவில்லை. 2024 டிசம்பரில் அங்கே மனித எலும்புகள் கிடைத்தன. உடனே நகரச் சுவரில் ஒரு வரி எழுதினார்கள்: "லாஸ் கூச்சாஸ் தியேனென் ரசோன்." அம்மாக்கள் சொன்னது உண்மை. நகராட்சி அதை அழித்தது. மக்கள் மறுபடி எழுதினார்கள்.

ரொறன்ரோ_வாசி | நவம்பர் 12

ஒற்றைப்பை, இந்தக் கடைசிப் பந்தியை வாசித்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் இருந்து ரோட்டோரம் பிள்ளைகளின் படத்தோடு குந்தியிருக்கும் அம்மாக்களில் ஒருவர் எனக்குப் பெரியம்மா முறை. அவவுக்கு இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும்.

சேலம்_செந்தில் | நவம்பர் 13

சகோதரி, நான் போகாதீர்கள் என்றதில் இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. ஆனால் ஒன்று: விமான நிலையத்தில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் வேறொரு நாட்டில் அப்படி ஒரு பையை வாங்கிக்கொண்டு நான்கு வருடம் உள்ளே இருந்தான். அவன் அம்மா வக்கீல் பீசுக்காக வீட்டை விற்றார்.

வைகைக்கரை | மார்ச் 4

போய் வந்துவிட்டோம். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. இதைப் படித்துவிட்டு அடுத்துப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பத்திரமாக இருந்தோம். பொகோட்டாவில் ஒரு தேவாலயத்தைப் படமெடுக்கப் போனை நீட்டினேன், லாட்டரிச் சீட்டு விற்கும் அம்மா ஒருவர் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து "பப்பாயா! பப்பாயா!" என்று கத்தினார். சட்டென்று உள்ளே வைத்துவிட்டேன். மெதெயினில் இரவு ஒன்பதுக்குள் அறைக்கு வந்துவிடுவோம். மெட்ரோவும், அதோடு சேர்ந்த கேபிள் காரும் பகலில் நிம்மதியாக இருந்தன, இவ்வளவு சுத்தமான ரயிலை நான் பார்த்ததில்லை. மூன்று நாள் சலேந்தோ பக்கம் மலையில், காப்பித் தோட்டத்து வீட்டில் தங்கினோம். அந்த மூன்று நாளும் வால்பாறையில் இருப்பதுபோல் இருந்தது.

அருங்காட்சியகத்தில் ஓர் இருட்டறை இருக்கிறது. இறந்தவர்கள், காணாமல் போனவர்களின் படங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து அணையும். கணவர் அதில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து எதுவும் பேசவில்லை. மறுநாள் கொமூனா 13-இல் ஒரு கடை முழுக்க எஸ்கோபார் முகம் போட்ட டீசர்ட் தொங்கியது. ஊரிலிருந்து கிளம்பும்போது தம்பிக்கு அதில் ஒன்று வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தவர், அங்கே நிற்கவே இல்லை.

கடைசி நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். பொகோட்டா விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிறோம். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், இஸ்திரி போட்ட சட்டை, நல்ல மரியாதையான ஆங்கிலம். நியூவார்க்கில் மகள் இருக்கிறாள், முதல் பிரசவம், இந்த இரண்டு காப்பிப் பொட்டலத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் வந்து வாங்கிக்கொள்வாள் என்றார். மகளின் படத்தையும் காட்டினார். செந்தில் அண்ணன் எழுதியது நினைவுக்கு வந்தது. மன்னிக்கவும், முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. தலையாட்டிவிட்டு, எங்களுக்குப் பின்னால் தனியாக நின்ற ஒரு கல்லூரிப் பையனிடம் போனார். பையன் வாங்கித் தோள்பையில் வைத்துக்கொண்டான்.

கணவர் வரிசையை விட்டு இறங்கிப் போய் அந்தப் பையனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பையனின் முகம் வெளுத்தது. பொட்டலங்களை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பெரியவர் இரண்டையும் வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாசலைத் தாண்டி வெளியே போனார். நியூவார்க் வரை எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் உண்மையிலேயே ஒரு பெண்ணைப் பெற்றவராக இருந்திருக்கலாம்.